வால் இல்லாத மூலக்கூறு

என் மனைவி பரிமளா வேதியியல் பேராசிரியை என்று சொன்னால் எல்லோரும் வெள்ளைக் கோட்டையும் புகை வரும் குடுவையையும் நினைத்துக்கொள்கிறார்கள். அவள் குடுவையைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவள் கோட்பாட்டு வேதியியல்காரி. கணினி முன்னால் உட்கார்ந்து, உலகத்தில் இன்னும் யாருமே செய்யாத மூலக்கூறுகளைப் பற்றி, செய்தால் இப்படி இருக்கும், இப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போடுவாள். வரப்போகிற மருமகளைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான். வீட்டில் டியூப்லைட் மாற்ற நான்தான் நாற்காலி மேல் ஏற வேண்டும்.

நான் மலேசியாவில் ஈப்போ நகரில் காப்புறுதி நிறுவனங்களுக்காக, விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து இழப்பை மதிப்பிடுகிறவன். என்ன நடந்தது, யார் மேல் தவறு என்று கேட்டுக் கேட்டே என் தலைமுடி கொட்டிவிட்டது. அந்த வியாதி எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வருகிறது. கரிம மின்னணுப் பொருள்கள் பற்றி மாமல்லபுரத்தில் கருத்தரங்கு, நீங்களும் வாங்களேன் என்று பரிமளா கூப்பிட்டபோது, அது என்ன சமாசாரம் என்று முதலில் கேட்டேன். பிளாஸ்டிக், சாயம் மாதிரியான பொருள்களுக்குள் மின்சாரத்தை ஓட வைப்பதாம். நாளைக்கு டிவியைப் பாய் மாதிரி சுருட்டி அலமாரியில் வைக்கலாமாம். சரி, சுருட்டும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போது கடற்கரையைப் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டேன். கைப்பேசி பேச மட்டுமே பயன்பட்ட காலம் அது. ஆகவே இதில் வரும் எதற்கும் என்னிடம் படம் கிடையாது.

திங்கள்கிழமை மாலை ஓட்டலில் பெட்டியை வைத்ததும் பரிமளா தன் உரையைத் திருத்த உட்கார்ந்துவிட்டாள். நான் கடற்கரைப் பக்கம் நடந்தேன். ஒரு தள்ளுவண்டியில் மிளகாய் பூசிய மீன் துண்டுகள் எண்ணெயில் கிடந்தன. எங்கள் ஊர் தெங்கிரியேதான், இங்கே அதன் பெயர் வஞ்சிரம். ஈப்போவில் மஞ்சள் தூக்கலாக இருக்கும். இங்கே காரம் காதுக்குள் போய்ச் சத்தம் போட்டது. கண்ணில் தண்ணீரோடு நின்ற என்னைப் பார்த்து, ஆட்டோவில் சாய்ந்துகொண்டிருந்த ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"இன்னா சார், காரம் தாங்கலியா? சிலோனா?"

"மலேசியா."

"அட! நம்ம மச்சான் ஒருத்தன் அங்கதான் ஓட்டல்ல வேலை செஞ்சிகினு கீறான். எங்கனா போவணும்னா சொல்லு சார், நம்ம வண்டி கீது."

அவர் பெயர் ஏழுமலை. அந்த வாரம் முழுவதும் அவர் வண்டியில்தான் போனோம்.

செவ்வாய்க்கிழமை காலை அறிஞர்கள் உள்ளே போனார்கள். அவர்களோடு வந்த துணைவர்களுக்கு முட்டுக்காடு படகுச் சவாரி. துணைவர் என்று போட்டிருந்தார்களே தவிர, வந்தவர்கள் எல்லோரும் துணைவியர். ஆண் என்று நான் ஒருவன்தான். படகில் எனக்குப் பின்னால் இரண்டு ஜெர்மானியப் பெண்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். "இந்த வழிகாட்டி ஏன் எதையும் விளக்கிச் சொல்ல மாட்டேன் என்கிறார்?" என்றாள் ஒருத்தி. "கூச்ச சுபாவம் போலிருக்கிறது, பாவம்" என்றாள் மற்றவள். யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். இருவரும் என்னைப் பார்த்து ஆதரவாகச் சிரித்தார்கள். அதற்குமேல் எனக்கு மனசு கேட்கவில்லை. தூரத்தில் நின்ற வெள்ளைப் பறவையைக் காட்டி, கொக்கு என்றேன். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். அது நாரையாகவும் இருக்கலாம், நான் என்ன கண்டேன்?

திரும்பி வந்தபோது தேநீர் இடைவேளை. பரிமளா கையில் கோப்பையோடு நின்றிருந்தாள். அவள் எதிரே முப்பதை ஒட்டிய ஒரு பெண், பருத்திப் புடவை, தோளில் பெரிய பை. கருத்தரங்குக்கு வந்த மற்றவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டை அவள் கழுத்தில் இல்லை. எப்படியோ உள்ளே வந்திருந்தாள்.

"மேடம், உங்க மூலக்கூறை நான் செஞ்சிட்டேன்" என்றாள்.

"எதை?"

"உங்க பழைய கட்டுரையில, ரொம்ப நல்லா மின்சாரம் கடத்தும்னு போட்டிருந்தீங்களே, அது."

"செஞ்சிட்டீங்கன்னா... நெஜமாவா? கையாலயா?"

"கையாலதான் மேடம். பாட்டில்ல இருக்கு."

பரிமளா கோப்பையை என்னிடம் நீட்டினாள், நான் வாங்குவதற்குள் விட்டும்விட்டாள். தேநீர் என் சட்டையில். இருவரும் கவனிக்கவே இல்லை. கணக்குப் போட ஆரம்பித்த நாளிலிருந்து தன் மூலக்கூறு எதையும் பரிமளா கண்ணால் பார்த்ததில்லை. வயிற்றில் இருக்கும் குழந்தைக்குச் சட்டை தைத்துக்கொண்டே இருந்தவளிடம், உங்கள் பையன் வாசலில் நிற்கிறான் என்று யாரோ வந்து சொன்ன மாதிரி இருந்தது.

"ஆனா மேடம், அது எதுலயும் கரைய மாட்டேங்குது" என்றாள் அந்தப் பெண். பெயர் உமாராணி. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. கரைந்தால்தான் அதைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகப் பூச முடியும். படலம் இருந்தால்தான் மின்சாரம் பாய்ச்சி அளக்க முடியும். அளவு இல்லாமல் ஆய்வேடு கிடையாது. வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு கூடுகிறது. அவளுடைய பதிவுக் காலம் முடிகிறது.

"காட்டறதுக்கு எதுவுமே இல்லன்னா நீட்டிப்பு கிடையாது, கிளம்புன்னு சொல்லிடுவாங்க மேடம். ஸ்கூல்ல டீச்சர் வேலையை விட்டுட்டு வந்தேன். திரும்பப் போனா அந்த இடத்துல வேற ஆள். நீங்க ஒரு தடவை வந்து பாருங்க. எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க."

மணி அடித்து எல்லோரும் அரங்குக்குள் போனார்கள். பரிமளா போகும்போதே என்னைத் திரும்பிப் பார்த்து, நாளைக்கு ஆட்டோ சொல்லிடுங்க என்றாள்.

புதன்கிழமை எனக்கு வேடந்தாங்கல் பறவைகள் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. கொக்கா நாரையா என்று தீர்த்துக்கொள்ள நல்ல வாய்ப்பு. அது போயிற்று. செங்கல்பட்டுக்குப் போகும் வழியில், திருக்கழுக்குன்றம் தாண்டும் முன்பே ஏழுமலையின் வண்டி உறுமிவிட்டு நின்றது.

"பேஜாரா பூட்ச்சி சார். கிளச்சு ஒயரு கட்டு. நீ போயி நாஸ்தா துன்னுகினு இரு, நான் மாத்திகினு வந்துர்றேன்."

எதிரே இருந்த சின்ன ஓட்டலில் இட்லிக்கு வடகறி வைத்தார்கள். முதல் நாள் மிஞ்சிய வடையை உதிர்த்துப் போட்ட குழம்போ என்று என் தொழில்புத்தி சந்தேகப்பட்டது. விசாரித்தேன். "மிஞ்சினது இல்லீங்க, இதுக்குன்னே அரைச்சு வேகவைக்கிறது" என்று பரிமாறியவர் கோபித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கும் விதமாக இன்னும் இரண்டு இட்லி வாங்கினேன். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயை இதில் தோய்த்துத் தின்றால் எப்படி இருக்கும் என்று பரிமளாவிடம் கேட்டேன். "இட்லியைச் சாப்பிடுங்க" என்றாள். அவள் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. அது ஆரஞ்சு நிறமாகத்தான் இருக்கும், கணக்கு அப்படித்தான் சொல்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆரஞ்சு இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் உமாராணி அலமாரியிலிருந்து எடுத்து வைத்த குப்பியில் இருந்த பொடி நல்ல கத்தரிப்பூ நிறம். பரிமளா அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நிறம் தப்பாயிடுச்சேம்மா" என்றேன்.

"தப்பு இல்லைங்க. நான் கணக்குப் போட்டது தனியா நிக்கிற ஒண்ணுக்கு. இங்க எல்லாம் நெருக்கி அடிச்சுக்கிட்டு நிக்குதுல்ல, நெருக்கத்துல நிறம் மாறும்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். எங்கள் கல்யாணத்தன்றுகூட அழாதவள் அவள்.

உமாராணி எதிலெல்லாம் கரைக்கப் பார்த்தாள் என்று ஒப்பித்தாள். குளோரோபார்ம், டொலுவீன், பிறகு என் வாயில் நுழையாத பல. சூடாக்கியும் பார்த்தாயிற்று, கலக்கியும் பார்த்தாயிற்று. செங்கல் தூள் மாதிரி அடியிலேயே உட்கார்ந்துகொள்கிறது. பரிமளா தலையாட்டிக்கொண்டே கரும்பலகையில் வரைந்திருந்த மூலக்கூறின் படத்தைப் பார்த்தாள். தலையாட்டுவது நின்றது.

"இதுக்கு வால் எங்க?"

"என்ன வால் மேடம்?"

இங்கே நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி மூலக்கூறு தட்டையான ஓடு போல இருக்கும். அதன் ஓரங்களில் நீளநீளமாக வால்களை ஒட்டிவிடுவது செய்முறைக்காரர்கள் வழக்கம். வாலுக்கு மின்சாரத்தில் வேலை இல்லை. அந்த ஓடு கரைய உதவுவதுதான் அதன் வேலை. கணக்குப் போடுகிறவர்களுக்கோ வால் ஒரு தொந்தரவு. ஒவ்வோர் அணுவுக்கும் கணினி நாள்கணக்கில் முனகும். ஆகவே வாலை நறுக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஹைட்ரஜனை வைத்துக் கணக்கை முடிப்பார்கள். எளிமைக்காக இப்படிச் செய்தோம் என்று ஒரு வரி எழுதுவார்கள், சில சமயம் அதையும் எழுத மாட்டார்கள். உலகத்தில் எல்லாக் கோட்பாட்டுக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்களாம். பரிமளாவும் செய்திருந்தாள். உமாராணி படத்தில் இருந்ததை அப்படியே, ஓர் அணு பிசகாமல், செய்து வைத்திருந்தாள்.

"வாலை வச்சுத்தான் செய்வாங்க உமா. படத்துல இல்லாட்டியும். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்..." என்று பரிமளா மெதுவாக ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் தெரியும்னா எனக்கு யார் மேடம் சொன்னாங்க?" உமாராணியின் குரல் உயர்ந்தது. "அந்த ஹைட்ரஜனை அந்த இடத்துல கொண்டுவர எவ்ளோ கஷ்டம் தெரியுமா? வாலோட செய்யறதுக்கு ரெடிமேடா வழி இருக்கு. இதுக்கு வழியே இல்ல. நானா கண்டுபிடிச்சேன். ரெண்டு வருஷம் மேடம்! நீங்க வேணாம்னு வெட்டிப் போட்டதையா நான் ரெண்டு வருஷமா கட்டிக்கிட்டு அழுதேன்?"

அழுதேன் என்று சொல்லும்போது உண்மையிலேயே அழுதாள். பரிமளா குப்பியை மெதுவாக மேஜையில் வைத்தாள். எனக்கு அந்த அறையில் எங்கே நிற்பது என்றே தெரியவில்லை.

அவளுடைய நெறியாளர் பேராசிரியர் வரதன் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். ஓய்வுக்குச் சில மாதங்கள் இருக்கும், நெற்றியில் திருமண், சட்டைப் பையில் மூன்று பேனா. விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் காலமெல்லாம் வேலை பார்த்தது சுவர்ப் பூச்சுக்கான நிறமிகளில்.

"கரையாத நிறம்னா எங்க லைன்ல அது ஏ ஒன் சரக்கு சார்" என்று என்னிடம் முறையிட்டார். "மழைக்கும் போகாது, வெயிலுக்கும் போகாது. கரையலன்னு இந்தப் பொண்ணு வந்து சொன்னப்போ, வெளிய உச்சுக் கொட்டினேனே தவிர, உள்ளுக்குள்ள எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. வாலை ஒட்டுன்னு சொல்லணும்னு எனக்கு எப்படித் தோணும்?"

நான் என் தொழிலுக்கு வந்தேன். யார் மேல் தவறு? எழுதியவள் தன் கூட்டத்தின் வழக்கப்படி எழுதினாள். படித்தவள் எழுதியதை நம்பினாள். சொல்லித் தர வேண்டியவர் தன் அனுபவப்படி சந்தோஷப்பட்டார். மூன்று காரும் அவரவர் பாதையில் ஒழுங்காகப் போய் நடுரோட்டில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்த மாதிரி ஒரு கேஸ் எனக்கு வந்ததே இல்லை.

மத்தியானம் வரதன் வீட்டிலிருந்து புளியோதரை வந்தது. பாதிச் சாப்பாட்டில் பரிமளா கேட்டாள்.

"சூடு பண்ணினா உருகுமா?"

"உருகாது மேடம். அப்படியே மேல போய் மூடியில ஒட்டிக்கும், கர்ப்பூரம் மாதிரி. வீணாப் போகுதேன்னு ஒவ்வொரு தடவையும் சுரண்டித் திரும்பப் பாட்டில்ல போட்டுடுவேன்."

"சுரண்டிப் போட்டீங்களா!" பரிமளா எழுந்தேவிட்டாள், கையில் புளியோதரை. "அதுதானே உமா வழி! எதுக்கு அதைக் கரைக்கணும்? காத்தை எல்லாம் எடுத்துட்டுச் சூடு பண்ணா ஆவியாகும், குளிர்ந்த பக்கம் போய்ப் படியும். நல்லா மெதுவா விட்டா படிகமாவே வளரும். கரையாத பொருளுக்கெல்லாம் அப்படித்தான் பண்றாங்க. நான் போட்டோவில பார்த்திருக்கேன்."

"போட்டோவில" என்று உமாராணி திருப்பிச் சொன்னாள். ஆனால் அதற்குள் எழுந்து கை கழுவப் போயிருந்தாள்.

பழைய உலை ஒன்று இருந்தது. காற்றை உறிஞ்சும் பம்பும் இருந்தது. நீண்ட கண்ணாடிக் குழாயில் பொடியைப் பாதி போட்டு, ஒரு முனையைச் சூட்டில் வைத்து, மறுமுனையில் பம்பை மாட்டினார்கள். உலையின் சூடு ஏறிக்கொண்டே போனது. குழாயின் நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. எல்லோரும் குனிந்தோம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. பம்பு நின்றது, பம்பின் எண்ணெயும் வெளிக்காற்றும் குழாய்க்குள் திரும்பிப் பாய்ந்தன. உமாராணி குழாயடைப்பைத் திருகுவதற்குள் வளையம் கருகிக் கரியாகிவிட்டது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மின்வாரியத்தைத் திட்டிய திட்டில் இரண்டு மூன்று சொற்கள் எனக்குப் புதியவை.

திரும்பும் வழியில் ஏழுமலையிடம் கதையைச் சொன்னேன். "அதுக்கு இன்னாத்துக்கு சார் மூஞ்சிய தொங்கப் போட்டுகினு வர்றீங்க? ஜெனரேட்டரு வெச்சுக்க வேண்டியதுதான" என்றார்.

வியாழக்கிழமை போனபோது வரதனும் அதையே யோசித்திருந்தார். ஆண்டு விழாவுக்கு மட்டும் வெளியே எடுக்கும் கல்லூரி ஜெனரேட்டரை முதல்வரிடம் மல்லுக்கட்டி வாங்கி, வராந்தாவில் நிறுத்தியிருந்தார். ஏழுமலை கேனில் டீசல் வாங்கி வந்து ஊற்றினார். அது போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோய், மாணவர்கள் எல்லோரும் ஜன்னலில். எண்ணெய்ப் புகை, வெயில், மின்விசிறி கிடையாது. அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் ஒரு நிமிடம்கூடப் போகவில்லை.

மிச்சமிருந்த பொடியைக் கொஞ்சமும் விடாமல் குழாயில் போட்டாள் உமாராணி. இது போனால் வேறு இல்லை. சூட்டை இம்முறை அவசரமில்லாமல், கஞ்சி காய்ச்சுகிற மாதிரி பொறுமையாக ஏற்றினாள். பரிமளாவுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. அவள் அன்று மாமல்லபுரத்தில் ஓர் அமர்வுக்குத் தலைமை தாங்க வேண்டியவள். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு இங்கே ஸ்டூலில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும்போது உலையை அணைத்து, ஆறவிட்டுக் குழாயை வெளியே எடுத்தார்கள். உள்சுவரில் செதில் செதிலாக, வெங்காயச் சருகைவிட மெல்லிசாக, ஏதோ ஒட்டியிருந்தது. சாய்த்துப் பார்த்தால் கத்தரிப்பூ நிறம், நேராகப் பார்த்தால் பச்சைப் பளபளப்பு. நானே வாயைப் பிளந்துவிட்டேன். உமாராணி குழாயை வெட்டி, செதில்களைக் கண்ணாடித் தட்டில் உதறினாள். பரிமளா விரலை நீட்டினாள்.

"தொடாதீங்க மேடம்!" என்று அவள் கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. அடித்த உமாராணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடி வாங்கியவள் சிரித்தாள். "நல்லா அடிங்க. என் புத்திக்கு வேணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு. என்னை உள்ளே விடவில்லை, விடுவதற்கு நான் யார்? வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. வரதன் பரிமளாவை விருந்தினர் என்று அழைத்துப் போயிருந்தார். குழுவில் ஒருவர் கடலோர ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த நிபுணர். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் கனம்.

"படிகம் நேத்துதான் வந்ததுன்னு சொல்றீங்க. அளவு ஒண்ணும் இல்ல. கரையாத பொருளை எதுக்குச் செய்தீங்க? இந்தத் துறையில யாருமே வால் இல்லாம செய்யறதில்லையே?"

உள்ளே நாற்காலி நகர்ந்தது. பரிமளாவின் குரல். "அதுக்கு நான்தாங்க காரணம். என் கட்டுரையில வாலை வெட்டிட்டுத்தான்..."

"மேடம், ப்ளீஸ், நீங்க உட்காருங்க." இது உமாராணி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், வால் வேணும்னு எனக்குத் தெரியாது, ஒத்துக்கிறேன். ஆனா நான் செஞ்சது தப்பான பொருள் இல்ல. இத்தனை நாளா எல்லாரும் ஒண்ணுக்குக் கணக்குப் போட்டாங்க, வேற ஒண்ணைச் செஞ்சாங்க. கணக்கும் அளவும் ஒத்துப்போகலன்னா, உங்களுதுல வால் இருக்கு எங்களுதுல இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. என் பொருளுக்கு வால் இல்ல. மேடம் கணக்குலயும் வால் இல்ல. இதை அளந்தா அவங்க கணக்கு சரியா தப்பான்னு தெரிஞ்சே ஆகணும். யாரும் சாக்கு சொல்ல முடியாது."

நிபுணர் சிரிப்பது கேட்டது. "என்ன மேடம், நீங்க தயாரா?"

பரிமளா பதில் சொல்வதற்குள் நான் பெஞ்சிலிருந்து எழுந்து ஜன்னலோரம் போய்விட்டேன். ஊரில் அவளுக்குப் பெயர் இருக்கிறது. அந்தக் கட்டுரையை வைத்துத்தான் பேராசிரியர் பதவியே வந்தது. இது தவறென்றால் அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் ஆட்டம் காணும்.

"தயார்" என்றாள். கார் ஓட்டும் பரீட்சைக்கு மூன்றாம் முறை போனபோது இருந்த அதே குரல்.

உமாராணிக்கு ஒரு வருடம் நீட்டிப்புக் கொடுத்தார்கள். அளக்கும் கருவி தன் நிலையத்தில் இருக்கிறது, வந்து பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நிபுணரே சொன்னார். வெளியே வந்த உமாராணி பரிமளாவைக் கட்டிக்கொண்டாள். "மேடம், உள்ள அப்படிப் பேசிட்டேன், கோபமா?" என்று கேட்டாள். "கோபம் இல்லம்மா, பயம்" என்றாள் பரிமளா.

ஏழுமலை ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டே கேட்டார். "இன்னா சார் ஆச்சு? அந்தப் பொண்ணு பாஸா?"

"இன்னும் இல்ல. அளந்து பார்த்தாத்தான் தெரியும். இப்ப பரீட்சை எங்க வீட்டம்மாவுக்கும் சேர்த்து."

"அதான் அம்மா இவ்ளோ சைலண்டா வருதா" என்று கண்ணாடியில் பரிமளாவைப் பார்த்துவிட்டு, வழியெல்லாம் வண்டி குலுங்காமல் ஓட்டினார். மாமல்லபுரத்தில் இறங்கும்போது சுண்டல் பொட்டலம் ஒன்றை வாங்கி அவள் கையில் வைத்து, துன்னும்மா, எல்லாம் நல்லா வரும் என்றார். மறுநாள் ஊர் திரும்பினோம்.

ஈப்போவில் அடுத்த சில மாதங்கள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தொலைபேசி அடித்தால் பரிமளா குளியலறையிலிருந்தாலும் ஓடி வருவாள். பழைய கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பாள், அதே விடை வரும், நம்பிக்கையில்லாமல் மறுபடி போடுவாள். தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டேன். "தப்பா இருந்தா தப்பு" என்று கத்திவிட்டு, பிறகு வந்து மன்னிப்புக் கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது உமாராணியின் அழைப்பு வந்தது. பரிமளா சட்னிக் கையோடு எடுத்தாள். உம் என்றாள், அப்படியா என்றாள், எத்தனை தடவை அளந்தீங்க என்றாள். பிறகு நீண்ட நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். தோசை தீய்ந்தது. ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் கண் இரண்டும் கலங்கியிருந்தன.

"மின்சாரம் கடத்துறது நான் சொன்னதுல பாதிகூட வரலைங்க. சூடு ஏற ஏற ஏன் குறையுதுன்னு அவளே காரணமும் கண்டுபிடிச்சிருக்கா. அது என் கணக்குலயே கிடையாது."

தோளில் கை வைத்தேன். அவள் சட்னிக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எரிச்சலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னங்க அப்படிப் பார்க்குறீங்க? சரியா வந்திருந்தா அது என் ஆராய்ச்சிக்கு அவ போட்ட ரப்பர் ஸ்டாம்பு. தப்பா வந்துடுச்சு, இனி அது அவளோடது. அவளுக்கு டாக்டர் பட்டத்தை இனி யாரும் தடுக்க முடியாது."

சொல்லிவிட்டுக் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து, தீய்ந்த தோசையை எனக்குத் தள்ளிவிட்டு, தனக்குப் புதிதாக ஒன்று வார்க்கச் சொன்னாள்.